ஓரத்தில் நின்ற நடிகரின் 70 ஆண்டுகள்: ஜேம்ஸ் ஹோங் நமக்குச் சொல்வது என்ன?



நிலம், தமிழ்ப்பள்ளி, கோயில், அடையாள அட்டை, சம்பளம் என்று பேசும் இடத்தில் ஒரு சினிமா நடிகருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு சமூகத்தை மற்றவர்கள் எந்தக் கண்ணோடு பார்க்கிறார்கள் என்பது வேலைக்கான நேர்காணலில் வந்து நிற்கிறது. வாடகை வீடு தேடும்போது வந்து நிற்கிறது. சாலைத் தடுப்பில் போலீஸ்காரர் நம் பிள்ளையின் மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதும் வந்து நிற்கிறது. அந்தப் பார்வை உருவாகும் இடங்களில் திரையும் ஒன்று. ஆகவே திரையில் யாருக்கு எந்த வேடம் கிடைக்கிறது என்பதும் உரிமைப் பிரச்சினைதான்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் 'குங் ஃபூ பாண்டா' பார்த்திருப்பார்கள். 2008இல் வந்த கார்ட்டூன் படம். அதில் பாண்டாக் கரடியை எடுத்து வளர்க்கும் ஒரு வாத்து அப்பா இருக்கிறார். மீ கடை வைத்திருப்பவர். மகன் என்னவாக ஆனாலும் கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கவலைப்படுபவர். நம் வீட்டு அப்பாக்களைப் போலவே இருக்கும். அந்த அப்பாவுக்குக் குரல் கொடுத்தவர் ஜேம்ஸ் ஹோங். அமெரிக்காவில் பிறந்த சீனர். 1950களின் நடுவில் தொடங்கி ஏறக்குறைய 70 ஆண்டுகள் நடித்தவர். சினிமா, தொலைக்காட்சி, குரல் நடிப்பு எல்லாம் சேர்த்து 600க்கும் அதிகமான வேடங்கள். அவ்வளவு நடித்தும் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. முகத்தைக் காட்டினால், "அட, இவரா!" என்பார்கள். குணச்சித்திர நடிகனின் தலையெழுத்து அது.

இவருடைய கதையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் பெரிய நடிகர் என்பதற்காக மட்டும் அல்ல. சிறுபான்மைச் சமூகத்தில் பிறந்த ஒருவன், கிடைத்த சின்ன வேலையைச் செய்துகொண்டே, அதற்கு மேல் என்ன செய்ய முடியும் என்பதற்கு அவர் ஒரு பாடம்.

பொறியாளர் வேலையை விட்டு வந்தவர்

ஜேம்ஸ் ஹோங் 1929இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் பிறந்தார். அப்பா மூலிகைக் கடை வைத்திருந்தார். சிறு வயதில் சில ஆண்டுகள் ஹாங்காங்கில் வளர்ந்துவிட்டுத் திரும்பினார். குளிர்ப் பிரதேசத்தில், வெள்ளைக்காரர்கள் நிறைந்த ஊரில், சீனப் பையனாக வளர்வது எப்படி இருந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். கொரியப் போர்க் காலத்தில் இராணுவத்தில் சேர்க்கப்பட்டு, முகாமில் சிப்பாய்களுக்கு மேடை நிகழ்ச்சிகள் நடத்தினார். சிவில் பொறியியல் படித்து, லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் சாலைப் பொறியாளராக வேலை பார்த்தார்.

நம் குடும்பத்தில் ஒரு பையன் பொறியாளர் ஆகிவிட்டு, "நான் நடிக்கப் போகிறேன்" என்றால் என்ன நடக்கும்? வீட்டில் அடுப்பு எரியாது. சீனக் குடும்பங்களிலும் அப்படித்தான். கூத்தாடுவது கீழான தொழில் என்ற எண்ணம் நமக்கு மட்டும் உரியதல்ல. ஆனாலும் ஹோங் 1954இல் குரூச்சோ மார்க்ஸ் என்ற நகைச்சுவை நடிகர் நடத்திய தொலைக்காட்சிப் போட்டியில் கலந்துகொண்டு, பிரபல நடிகர்களைப் போலப் பேசிக் காட்டிப் பெயர் வாங்கினார். அடுத்த ஆண்டே கிளார்க் கேபிள் கதாநாயகனாக நடித்த 'சோல்ஜர் ஆஃப் ஃபார்ச்சூன்' படத்தில் சிறு வேடம் கிடைத்தது. பொறியாளர் வேலை பிறகு போயே போய்விட்டது.

பூட்டியிருந்த கதவு

அவர் உள்ளே நுழைந்த காலத்தில் அமெரிக்கத் திரையில் ஆசியர்களுக்கு என்ன இடம் இருந்தது? இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும்.

1937இல் 'தி குட் எர்த்' என்ற படம் வந்தது. சீன விவசாயக் குடும்பம் ஒன்றின் கதை. விவசாயியாக நடித்தவர் பால் முனி. அவருடைய மனைவியாக நடித்தவர் லூயிஸ் ரைனர். இருவருமே ஐரோப்பாவில் பிறந்த வெள்ளையர்கள். முகத்தில் ஒப்பனை பூசிச் சீனர்களாக நடித்தார்கள். லூயிஸ் ரைனருக்கு அதற்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருதே கொடுத்தார்கள். அப்போது லாஸ் ஏஞ்சலஸிலேயே பிறந்து வளர்ந்த ஆனா மே வாங் என்ற சீன நடிகை இருந்தார். உலகம் அறிந்த நட்சத்திரம். அந்த மனைவி வேடத்துக்கு ஆசைப்பட்டார். கிடைக்கவில்லை. கதாநாயகன் வெள்ளையராக இருக்கும்போது அவருக்கு மனைவியாக வேற்றினப் பெண் நடிப்பதை அக்காலத் தணிக்கை விதிகள் ஏற்காது. குடும்பத்தைக் கெடுக்க வரும் இன்னொரு பெண்ணின் வேடத்துக்கு அவரைக் கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார்.

இரண்டாவது, சார்லி சான். ஹவாயில் வாழும் சீனத் துப்பறிவாளர் பாத்திரம். வரிசையாகப் படங்கள் வந்தன. சுவீடனில் பிறந்த வார்னர் ஓலண்ட் அதில் சார்லி சானாக நடித்துப் புகழ் பெற்றார். 1957இல் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது அந்த வேடம் ஐரிஷ் வம்சாவளியைச் சேர்ந்த ஜே. கேரல் நேஷ் என்பவருக்குப் போனது. சார்லி சானின் மூத்த மகனாக நடித்தவர் நம் ஜேம்ஸ் ஹோங். யோசித்துப் பாருங்கள். உண்மையான சீனர் மகன், வேடம் போட்ட வெள்ளையர் அப்பா! தன் இனத்தைச் சேர்ந்தவராக எப்படி இருப்பது என்று வேறு ஒருவர் நடித்துக் காட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

சின்ன வேடத்தை எப்படிச் செய்தார்?

கதாநாயகன் வேடம் வராது என்பது தெரிந்துவிட்டது. வருவதெல்லாம் சமையல்காரன், சலவைக்காரன், பணியாள், வில்லன். அவற்றையே வாங்கிச் செய்தார். ஆனால் ஒன்றையும் ஏனோதானோ என்று செய்யவில்லை.

1974இல் வந்த 'சைனாடவுன்' படத்தைப் பாருங்கள். பெயர்தான் சீனர் தெரு. கதையோ வெள்ளைக்காரப் பணக்காரக் குடும்பத்தைப் பற்றியது. சீனர்கள் அந்த வீட்டில் வேலை செய்பவர்கள். ஹோங் அந்த வீட்டுத் தலைமைப் பணியாளராக வருகிறார். அதிகம் பேச மாட்டார். ஆனால் முதலாளியம்மாவின் இரகசியத்தைக் காப்பவர் அவர்தான் என்பதை அவர் நிற்கும் விதமே சொல்லிவிடும்.

1982இல் வந்த 'பிளேட் ரன்னர்' படத்தில் செயற்கை மனிதர்களுக்குக் கண் செய்து கொடுக்கும் கிழவராக வருவார். உறைபனி அறைக்குள் நடக்கும் ஒரு காட்சிதான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. படம் பார்த்தவர்கள் 40 ஆண்டு கழித்தும் அந்தக் கிழவரை மறக்கவில்லை.

1986இல் வந்த 'பிக் டிரபிள் இன் லிட்டில் சைனா' படத்தில் லோ பான் என்ற மந்திரவாதி வில்லன். கதாநாயகன் வெள்ளைக்கார லாரி ஓட்டுநர். படம் திரையரங்கில் ஓடவில்லை. பிறகு வீடியோவில் பார்த்தவர்கள் கொண்டாடினார்கள். அவர்கள் கொண்டாடியவற்றில் முதலிடம் லோ பானுக்கு உண்டு. 1991இல் 'சைன்ஃபெல்ட்' என்ற நகைச்சுவைத் தொடரில் சீன உணவகத்தில் மேசைக்குக் காத்திருப்பவர்களை மேலும் மேலும் காக்க வைக்கும் ஊழியராக வந்தார். ஒரே ஒரு பகுதிதான். அமெரிக்கர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இதில் நம் தொழிலாளிகளுக்குப் புரியும் ஒன்று இருக்கிறது. மண்டோர் ஒதுக்கிய நிரையில்தான் நம் பாட்டன்மார் பால் மரம் வெட்டினார்கள். எந்த நிரை என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. ஆனால் கத்தியை எப்படிப் பிடிப்பது, மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை எப்படிச் சீவுவது என்பது அவர்கள் கைத்திறன். அந்தத் திறனை எந்த மண்டோரும் பறிக்க முடியவில்லை. ஹோங்கின் நடிப்பும் அப்படிப்பட்டதுதான்.

1965: சொந்த மேடை

திறமை இருந்தால் போதும், ஒரு நாள் கதவு தானாகத் திறக்கும் என்று நமக்கு அறிவுரை சொல்பவர்கள் நிறைய உண்டு. ஹோங்கின் கதை அதை மறுக்கிறது. திறமையோடு காத்திருந்தால் இன்னும் 70 ஆண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

1965இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒன்பது பேர் கூடினார்கள். ஜேம்ஸ் ஹோங், மாக்கோ, பியூலா குவோ, சூன்-டெக் ஓ முதலியோர். சீனர், ஜப்பானியர், கொரியர். எல்லாரும் ஆசிய வம்சாவளிக் கலைஞர்கள். 'ஈஸ்ட் வெஸ்ட் பிளேயர்ஸ்' என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். சினிமாவில் பணியாளாக நடிப்பவன் இந்த மேடையில் அரசனாக நடிக்கலாம். காதலனாக, தகப்பனாக, துரோகியாக, முட்டாளாக, அறிவாளியாக எப்படி வேண்டுமானாலும் நடிக்கலாம். அவர்களுடைய முதல் நாடகம் 'ரஷோமோன்'. ஆரம்ப ஆண்டுகளில் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில்தான் நாடகம் போட்டார்கள். பணக்காரப் புரவலர் யாரும் வாசலில் காத்திருக்கவில்லை.

அந்த ஒன்பது பேரில் மாக்கோ 1966இல் 'தி சேண்ட் பெபிள்ஸ்' படத்தில் அமெரிக்கப் போர்ப் படகின் இயந்திர அறையில் வேலை செய்யும் சீனக் கூலியாக நடித்தார். ஆம், கூலி. நம் முன்னோரைக் கூப்பிட்ட அதே சொல். அந்தக் கூலி வேடத்துக்கு அவர் பெயர் ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. நான் மேலே சொன்ன 'சைனாடவுன்' படத்தில் வீட்டு வேலைக்காரியாக நடித்தவர் யார் தெரியுமா? பியூலா குவோ. ஒரு நாடகக் குழுவையே உருவாக்கிய இரண்டு பேர், ஒரே படத்தில், ஒரே வீட்டில், ஒருவர் தலைமைப் பணியாள், மற்றவர் வேலைக்காரி. அன்றைய நிலையைச் சொல்ல இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஆனால் குழு நிலைத்தது. தலைமுறை தலைமுறையாக நடிகர்களையும் எழுத்தாளர்களையும் உருவாக்கியது. 1998இல் லாஸ் ஏஞ்சலஸின் லிட்டில் டோக்கியோ பகுதியில் புதிய அரங்கத்துக்குப் போனது. அது அவர்களுக்குப் பள்ளிக்கூடம். பால் மரம் வெட்டிக்கொண்டே நம் முன்னோர் தமிழ்ப்பள்ளி கட்டியதைப் போன்றது அது. பகலில் மற்றவன் சொல்லும் வேலை. மாலையில் நமக்கான வேலை. இரண்டும் வேண்டும்.

"ஏன் அந்த வேடங்களை ஏற்றார்?"

நம்மவர் சிலர் கோபத்தோடு கேட்பார்கள்: தன் இனத்தைக் கேலி செய்யும் வேடத்தை ஒருவன் ஏன் ஏற்க வேண்டும்? பட்டினி கிடந்தாலும் மறுத்திருக்கக் கூடாதா?

இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஆனா மே வாங் மறுத்தார். மறுத்ததால் அவருடைய மானம் நின்றது. ஆனால் படம் நிற்கவில்லை. அந்த வேடத்தை வேறு யாரோ ஒப்பனை போட்டுச் செய்தார்கள். ஹோங் ஏற்றுக்கொண்டார். ஏற்றதால் வில்லன், பணியாள் என்ற படிமம் மேலும் சில ஆண்டு ஓடியது என்பது உண்மை. அதே நேரத்தில் திரையில் ஓர் உண்மையான ஆசிய முகம் இருந்தது என்பதும் உண்மை. பின்னால் வந்த பிள்ளைகள் அந்த முகத்தைப் பார்த்துத்தான், "நாமும் நடிக்கலாம்" என்று நினைத்தார்கள்.

என் கருத்து இது. வயிற்றுக்காக வேடத்தை ஏற்ற நடிகனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். வேடத்தை எழுதியவனைக் கேளுங்கள். அதற்குப் பணம் போட்டவனைக் கேளுங்கள். அதை ஒளிபரப்பியவனைக் கேளுங்கள். தோட்டத்தில் சம்பளம் குறைவாக இருந்தபோது, "நீ ஏன் அந்தச் சம்பளத்துக்கு வேலை செய்தாய்?" என்று தொழிலாளியையா கேட்டோம்? துரையைத்தானே கேட்டோம்! ஆனால் நடிகனுக்கும் ஒரு கடமை உண்டு. கிடைத்ததைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விடாமல், அடுத்தவனுக்கு நல்லது கிடைக்க அவனும் ஏதாவது செய்ய வேண்டும். ஹோங் செய்தார். அதனால்தான் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

சங்கம் இல்லாமல் சோறு இல்லை

குணச்சித்திர நடிகன் எப்படிப் பிழைக்கிறான்? ஒரு படத்தில் மூன்று நாள் வேலை. பிறகு இரண்டு மாதம் வேலை இல்லை. அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்களைக் காப்பாற்றியது நடிகர் தொழிற்சங்கம். தொலைக்காட்சி நிகழ்ச்சி மறு ஒளிபரப்பானால் நடித்தவனுக்கு மீண்டும் ஒரு தொகை தர வேண்டும் என்று 1950களில் சங்கம் வாதாடி வாங்கியது. 1960இல் வேலைநிறுத்தம் செய்து, திரைப்படங்கள் தொலைக்காட்சியில் காட்டப்படும்போதும் நடிகருக்குப் பங்கு வேண்டும், ஓய்வூதியமும் மருத்துவ வசதியும் வேண்டும் என்று வென்றது. 2023இல் இணையவழித் திரைத் தளங்கள் நடிகர்களுக்குத் தரும் பங்கு போதாது என்றும், செயற்கை நுண்ணறிவால் நடிகனின் முகத்தையும் குரலையும் திருடக் கூடாது என்றும் மறுபடி 118 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. பெரிய நட்சத்திரங்களுக்கு இது சில்லறைக் காசு. சின்ன வேடக்காரனுக்கு இதுதான் அரிசிக் காசு.

நம் ஊரில் தமிழ் நாடகங்களிலும் விளம்பரங்களிலும் நடிக்கும் பிள்ளைகளை விசாரித்துப் பாருங்கள். கையில் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருக்கிறதா? நாடகம் மறுபடி ஒளிபரப்பானால் ஏதாவது கிடைக்குமா? படப்பிடிப்பில் விழுந்து கால் ஒடிந்தால் யார் பார்ப்பது? மலேசியாவில் 2017ஆம் ஆண்டின் சுயதொழில் செய்வோர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதலில் டாக்சி ஓட்டுநர்களுக்கு வந்தது. 2020 முதல் கலைத்துறையினரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். பெர்கேசோவில் பதிந்து சந்தா கட்டினால் வேலையில் நேரும் விபத்துக்குப் பாதுகாப்பு உண்டு. உங்கள் வீட்டில் கலைஞர் இருந்தால் இன்றே பதியச் சொல்லுங்கள்.

ஈப்போ பெண்ணும் 94 வயதுக் கிழவரும்

ஹாலிவுட் நடைபாதையில் நட்சத்திரங்களின் பெயரைப் பதிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்குக் கட்டணம் உண்டு. 2020இல் அது 50,000 டாலர். பெரிய நடிகர்களுக்குப் படக் கம்பெனி கட்டிவிடும். ஜேம்ஸ் ஹோங்குக்கு யார் கட்டுவார்? டேனியல் டே கிம் என்ற கொரிய அமெரிக்க நடிகர் பொதுமக்களிடம் இணையத்தில் நிதி கேட்டார். சில நாட்களிலேயே பணம் சேர்ந்துவிட்டது. 2022 மே மாதம், 93ஆம் வயதில், ஹோங்கின் பெயர் அந்த நடைபாதையில் பதிக்கப்பட்டது. கம்பெனி கொடுக்காத மரியாதையை மக்கள் காசு போட்டுக் கொடுத்தார்கள்.

நமக்கு இது புதிதல்ல. 1950களில் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது மலாயாப் பல்கலைக்கழகத்தின் தமிழ் நூலகத்துக்கு ஏழைத் தொழிலாளர்கள் காசு போட்டார்கள். 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். கூடிப் போட்டால் மலையும் நகரும் என்பதை நாம் அறிந்தவர்கள்தான். கலைக்காக அப்படிப் போட மறந்துவிட்டோம்.

அதே 2022இல் 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' என்ற படம் வந்தது. சலவைக்கடை நடத்தும் ஒரு சீனக் குடும்பத்தின் கதை. வரிக் கணக்கில் சிக்கி, கடனில் தவித்து, மகளோடு சண்டை போட்டுக்கொண்டு வாழும் சாதாரணக் குடும்பம். அந்த அம்மாவாக நடித்தவர் நம் ஈப்போவில் பிறந்த மிச்செல் யோ. அவருடைய கண்டிப்பான வயதான தகப்பனாக ஜேம்ஸ் ஹோங். 2023இல் நடிகர் சங்க விருது விழாவில், நடித்த அனைவருக்குமான கூட்டு விருதை அந்தப் படம் வென்றது. 94 வயது ஹோங் மேடையில் பேசினார். அந்தக் காலத்தில் கதாநாயக வேடத்தை வெள்ளையர்கள் கண்ணோரத்தில் பசை நாடா ஒட்டிக்கொண்டு செய்ததையும், ஆசியர்களுக்குத் திறமை போதாது, அவர்கள் நடித்தால் படம் ஓடாது என்று தயாரிப்பாளர்கள் சொன்னதையும் நினைவூட்டினார். இப்போது எங்களைப் பாருங்கள் என்றார். அரங்கமே எழுந்து ஆரவாரம் செய்தது.

அடுத்த மாதம் மிச்செல் யோவுக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார். கணக்குப் பாருங்கள். 1938 விழாவில் சீனப் பெண்ணாக வேடமிட்ட ஐரோப்பியப் பெண்ணுக்கு அதே விருதைக் கொடுத்தார்கள். சீன வம்சாவளிப் பெண் ஒருத்தி அதை வாங்க 85 ஆண்டு ஆனது. இடையில் இருந்த ஆண்டுகளில் ஓரத்தில் நின்று, தட்டு ஏந்தி, கதவு திறந்து, கொல்லப்பட்டு விழுந்து நடித்த ஹோங்குகளின் முதுகில் ஏறித்தான் அந்த விருது வந்தது. ஹோங்குக்கு ஆஸ்கார் பரிந்துரை ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை.

நம் கதை என்ன?

இப்போது நம் வீட்டுத் தொலைக்காட்சிக்கு வருவோம். நம் நிலைமை அமெரிக்கச் சீனர்களின் நிலைமை போல் அப்படியே இல்லை. நமக்குத் தமிழிலேயே நாடகங்கள் உண்டு. ஆர்டிஎம்மில் உண்டு, அஸ்ட்ரோவில் உண்டு. சிங்கப்பூரில் 2008 முதல் வசந்தம் தனி ஒளிவழியாகவே இயங்கி வந்திருக்கிறது. அந்த நாடகங்களில் நாமே கதாநாயகன், நாமே வில்லன், நாமே மருத்துவர், நாமே திருடன். நல்லது. ஆனால் அவற்றை நாம் மட்டும்தான் பார்க்கிறோம்.

பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் சீனரும் பார்க்கும் நாடகத்தில் நாம் எப்படி வருகிறோம்? நீங்களே ஒரு மாதம் பார்த்து எழுதி வையுங்கள். இந்தியர் எத்தனை முறை வந்தார்? என்ன வேலை செய்பவராக வந்தார்? அவருக்குப் பெயர் இருந்ததா? அவருக்கு வீடு, மனைவி, பிள்ளை, கவலை என்று ஏதாவது இருந்ததா? அல்லது காவலாளியாக, குடிகாரனாக, குண்டனாக வந்து, உடைந்த மொழியில் இரண்டு வார்த்தை பேசிச் சிரிக்க வைத்துவிட்டுப் போனாரா? சென்னைச் சினிமாவும் நம்மை விட்டு வைக்கவில்லை. 2016இல் வந்த 'கபாலி' நம் மக்களின் வலியைச் சொன்னது, மறுக்கவில்லை. ஆனாலும் அதில் நாம் உலகுக்கு அறிமுகமானது குண்டர் கும்பல் வழியாகத்தான்.

இந்த மண்ணின் சினிமாவுக்கு நாம் வேற்றாட்கள் அல்ல என்பதையும் மறக்காதீர்கள். 1933இல் சிங்கப்பூரில் எடுக்கப்பட்ட 'லைலா மஜ்னுன்' மலாய்ப் படத்தை இயக்கியவர் இந்தியரான பி. எஸ். ராஜ்ஹன்ஸ். பி. ரம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'பக்தி' (1950) படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன். சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புத் தளத்தில் மலாய் சினிமா வளர்ந்த காலத்தில் இந்திய இயக்குநர்கள் முன்னணியில் இருந்தார்கள். வீட்டைக் கட்டியவர்களில் நாமும் உண்டு. அந்த வீட்டில் நம் பிள்ளை வாசலில் நிற்க வேண்டுமா?

2016இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், நம் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' தமிழ்ப் படத்தையும் 'ஓலா போலா' படத்தையும் தேசிய மொழி அல்லாத படங்கள் என்று தனிப் பிரிவில் ஒதுக்கினார்கள். தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்குக் குடியிருப்பில் வாழும் குடும்பத்தின் கதை 'ஜகாட்'. 'ஓலா போலா'வோ மலேசியக் காற்பந்தின் பொற்காலத்தைச் சொல்வது. அதில் வரும் கோல் காவலர் முத்துக்குமார், நம் 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகத்தை நினைவில் வைத்து உருவான பாத்திரம். இவை மலேசியப் படங்கள் இல்லையென்றால் வேறு எவை? அஃப்லின் ஷௌகி போன்ற மலாய்க் கலைஞர்களே எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். ஏற்பாட்டாளர்கள் இறங்கி வந்தார்கள். கடைசியில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதை வென்றது 'ஜகாட்'.

அந்த வெற்றியில் இரண்டு பாடம் உண்டு. கேட்டால் கிடைக்கும் என்பது ஒன்று. நாம் கேட்டபோது மற்ற இனத்தாரும் நம்மோடு நின்றார்கள் என்பது மற்றொன்று. மூன்றாவதாக ஒரு கேள்வியும் உண்டு. 'ஜகாட்' திரையரங்கில் ஓடியபோது நம்மில் எத்தனை பேர் டிக்கெட் வாங்கினோம்?

வீட்டிலிருந்தே தொடங்கலாம்

பெரிய திட்டம் எதுவும் சொல்லப் போவதில்லை. நம்மால் முடிந்தவை மட்டும்:

1. நம் நாட்டுத் தமிழ்ப் படம் திரைக்கு வந்தால் முதல் வாரத்திலேயே குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். முதல் வாரக் கூட்டத்தை வைத்துத்தான் திரையரங்குகள் காட்சிகளைக் கூட்டுகின்றன, குறைக்கின்றன. திருட்டு நகலில் பார்த்துவிட்டு, "நம்மவர் படமே எடுப்பதில்லை" என்று குறை சொல்லாதீர்கள்.

2. நம்மை இழிவுபடுத்தும் காட்சி தேசியத் தொலைக்காட்சியில் வந்தால் காப்பிக் கடையில் திட்டிவிட்டு விடாதீர்கள். நாள், நேரம், நிகழ்ச்சியின் பெயர் குறித்துக்கொண்டு ஒளிபரப்பு நிலையத்துக்கும் தொடர்புத்துறை ஆணையத்துக்கும் எழுதுங்கள். மலாய் மொழியில் எழுதுங்கள். ஒருவர் எழுதினால் கடிதம். நூறு பேர் எழுதினால் பிரச்சினை.

3. நல்ல வேடத்தில் நம்மவர் வந்தால் அதற்கும் எழுதுங்கள். பாராட்டும் ஒரு கணக்குத்தான். அடுத்த வாய்ப்பு அதனால் வரும்.

4. தோட்டத்தில் காமன் கூத்தும் திருவிழா நாடகமும் போட்டவர்கள் நாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு அடுக்குமாடிக்கு வந்த பிறகு மேடையை இழந்தோம். கோயில் மண்டபமும் தமிழ்ப்பள்ளி மண்டபமும் இன்னும் இருக்கின்றன. ஈஸ்ட் வெஸ்ட் பிளேயர்ஸ் ஒரு தேவாலய அடித்தளத்தில்தான் வளர்ந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

5. பிள்ளை நடிக்கப் போகிறேன் என்றால் அடிக்காதீர்கள். கையில் ஒரு தொழிலும் வைத்துக்கொள் என்று சொல்லுங்கள். ஒப்பந்தத்தைப் படித்துக் கையெழுத்துப் போடு என்று சொல்லுங்கள். சங்கத்தில் சேர் என்று சொல்லுங்கள். ஜேம்ஸ் ஹோங் சாலைப் பொறியாளராகத்தான் தொடங்கினார் என்றும் சொல்லுங்கள்.

வாசகர்களே, சின்ன வேடம் இழிவல்ல. உலகில் பெரும்பாலான மனிதர்கள் சின்ன வேடக்காரர்கள்தான். லாரி ஓட்டுபவர், தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர், பள்ளிக்கூடம் கூட்டுபவர் எவருக்கும் கதாநாயகன் பட்டம் கிடைப்பதில்லை. ஒரே இனத்துக்கு எப்போதும் சின்ன வேடம் மட்டுமே என்று எழுதி வைப்பதுதான் அநீதி. அந்த எழுத்தை மாற்ற ஒரு சீன நடிகருக்கும் அவருடைய தோழர்களுக்கும் ஓர் ஆயுள் முழுக்கத் தேவைப்பட்டது. அவர்கள் தொடங்கியது ஒன்பது பேர்.

நாம் எத்தனை பேர்? உங்கள் தாமானில், உங்கள் அடுக்குமாடியில், உங்கள் கோயிலில் ஒன்பது பேர் கிடைக்க மாட்டார்களா? தேடிப் பாருங்கள். கிடைத்ததும் வேலையைத் தொடங்குங்கள்.